திரும்பும் துணிவு

மேற்கொண்ட கருமத்தை முடிக்காமல் விடுவது இழிவு என்று நாம் சிறு வயது முதல் கேட்டு வளர்கிறோம். பள்ளியிலே ஆசிரியர் சொல்கிறார். வீட்டிலே பெரியோர் சொல்கின்றனர். மேடைகளிலே பேசுவோரும் அதனையே பல உவமைகளால் விளக்குகின்றனர். முன்வைத்த காலைப் பின்வைக்காதவனே வீரன் என்பது நம் மக்களிடையே நிலைபெற்றுவிட்ட கருத்து. இதனால் விளைந்த நன்மைகள் பல. சோம்பிக் கிடந்தவர் எழுந்தனர். அஞ்சிக் குனிந்தவர் நிமிர்ந்தனர். ஆயினும், எந்த நற்கருத்தும் எல்லா இடத்திற்கும் எல்லா வேளைக்கும் பொருந்துவதன்று. எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்புவது எப்பொழுதும் கோழைத்தனமாகுமா? திரும்புதலே கடமையாகும் வேளை உண்டா? உண்டெனில், அவ்வேளை வந்துவிட்டது என்பதை ஒருவன் எவ்வாறு அறிவான்? இவ்வினாக்களை வெறும் வாதமாக ஆராய்வதினும், அவை உயிர்ப் பிரச்சினையாகவே எழுகின்ற ஓர் இடத்தில் வைத்து ஆராய்வது நலம். அவ்விடம், கூதிர்காலத்தின் கடைசியில் பனிக்கட்டி படர்ந்து நிற்கும் மலையுச்சி.

ஆண்டு முழுதும் வெம்மையும் மழையுமாக வாழும் நமக்குப் பருவ மாற்றம் என்பது பெரும்பாலும் ஏட்டில் படித்த செய்தியே. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்து, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றனர். வட அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஏறக்குறைய அதே திங்கள்களில்தான் இலையுதிர்காலம் முடிந்து குளிர்காலம் தொடங்குகிறது. அக்டோபர் முற்பகுதியில் செம்மையும் மஞ்சளுமாக ஒளிவிட்ட மேப்பிள் மரங்கள், அம்மாத இறுதிக்குள் வெறுங் கொம்புகளாக நிற்கின்றன. இலையின் நிறங்காண வந்த கூட்டம் ஊர் திரும்பிவிடுகிறது. பள்ளத்தாக்கிலே வெயில் இன்னும் இதமாகக் காய்கிறது. மலையின் உச்சியிலோ குளிர்காலம் வந்து அமர்ந்து பல நாள்களாகிவிட்டன. கீழே ஒரு பருவம்; மேலே வேறொரு பருவம். இரண்டிற்கும் இடையே சில மணி நேர நடைதான். அப்பருவத்து மலைப் பயணத்தின் அழகும் அபாயமும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெண்மலைகள் எனப்படும் தொடரில், வாஷிங்டன் மலை இருக்கிறது. அதன் உயரம் 6,288 அடி. நம் நாட்டுக் கினபாலுவின் உயரம் 13,435 அடி. அதில் பாதிக்கும் குறைவானது அம்மலை. இத்தகைய சிறு மலையை ஏறி இறங்குவதில் என்ன பெருமை என்று நகைக்கத் தோன்றும். கோடையில் மோட்டார் வண்டியிலேயே உச்சிக்குப் போகலாம். அதற்குரிய சாலை 1861-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. 1869 முதல் பற்சக்கர ரெயிலும் உச்சி வரை ஓடுகிறது. ஆயினும், மலையின் தன்மையை உயரம் ஒன்றைக் கொண்டு அளத்தல் தவறு. அவ்வுச்சியில் 1932-ஆம் ஆண்டு முதல் ஒரு வானிலை ஆய்வு நிலையம் இயங்கி வருகிறது. 1934-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் அங்கிருந்தோர் மணிக்கு 231 மைல் வேகமுள்ள காற்றை அளந்தனர். 1996-இல் ஆஸ்திரேலியாவை அடுத்த பாரோ தீவில் 253 மைல் வேகம் பதிவாகும் வரை, உலகிலே அளக்கப்பட்ட காற்றுகளில் அதுவே மிகக் கடியது. சாதாரண நாள்களையும் சேர்த்துப் பார்த்தால், அவ்வுச்சியில் காற்றின் சராசரி வேகமே மணிக்கு 35 மைல் அளவில் இருக்கிறது.

நவம்பர் மாதத்து நாள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பிங்க்கம் கணவாய் என்னும் இடத்திலிருந்து உச்சிக்குக் கால்நடையாகச் சுமார் நான்கு மைல். ஏறவேண்டிய உயரம் நாலாயிரம் அடிக்கு மேல். போய்வர எட்டு ஒன்பது மணி நேரம் பிடிக்கும். அம்மாதத்தின் நடுவிலோ மாலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறான். ஆயிரம் அடி ஏறுந்தோறும் வெப்பம் மூன்று நான்கு பாகை குறைகிறது. கீழே பாரன்ஹீட் அளவில் 40 பாகை இருந்தால் மேலே 25 பாகைதான். நீர் உறைவதோ 32 பாகையில். பகலில் கசிந்த நீர் இரவில் பாறை மீது கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும். பாறையின் நிறமே அதனூடே தெரிவதால், கால் வழுக்கிய பிறகுதான் அங்கே ஐஸ் இருப்பது தெரியவரும். மலைவழியில் கோடையிலே திறந்திருந்த விடுதி செப்டம்பர் நடுவிலேயே மூடப்பட்டிருக்கும். உச்சியிலுள்ள கட்டடமும் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருக்கும். ரெயிலும் வண்டியும் வாரா. மனிதன் தன் இரு கால்களையும், முதுகில் சுமந்த மூட்டையையும், தன் புத்தியையுமே நம்ப வேண்டும்.

இத்தனை இடர் இருந்தும் மக்கள் ஏன் போகிறார்கள்? வீண் பெருமைக்காக என்று சொல்லி ஒதுக்குதல் நியாயமாகாது. காட்டைக் கடந்து மேலே வரவர மரங்கள் குட்டையாகி, முழங்கால் உயரத்துப் புதர்களாகி, பின் அவையும் மறைந்து வெறும் கல்வெளி தொடங்குகிறது. உறைபனிக் காலத்து மேகம் அக்கற்களின் மேல் மோதி, இறகு இறகாக வெண்மையாய்ப் படிகிறது. அவ்விறகுகள் காற்று வரும் திசையை நோக்கியே வளர்கின்றன. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து அட்லாண்டிக் கடல் வரை கண் செல்லும். கோடையின் கூட்டமும் கூச்சலும் இல்லை. நாளெல்லாம் முதலாளிக்கும் கடிகாரத்துக்கும் உழைத்த மனிதன், ஒரு நாள் தன் உடலின் உழைப்பைத் தனக்காகவே செலவிட்டு, உலகின் விரிவைத் தன் கண்ணாலே காண்கிறான். இந்த ஆசையைப் பழிப்பவன் மனித உள்ளத்தை அறியாதவன். ஆகவே, நம் கேள்வி மலையேறலாமா என்பதன்று. ஏறியவன் எங்கே நிற்க வேண்டும் என்பதே.

அம்மலையில் உயிரிழந்தோர் என்று பதிவான வரிசையில் முதற்பெயர் பிரெடரிக் ஸ்ட்ரிக்லண்டு என்னும் ஆங்கிலேயருடையது. 1849-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அவர் ஒரு தோழருடனும் ஒரு வழிகாட்டியுடனும் குதிரையேறிப் புறப்பட்டார். வழியிலே பனி ஆழமாகியது. தோழரும் வழிகாட்டியும் இனிச் செல்லல் தகாது என்று குதிரைகளுடன் திரும்பினர். ஸ்ட்ரிக்லண்டு தனியே நடந்து சென்றார். தேடிப் போனவர்கள் அவருடைய உடலைத்தான் கண்டனர்.

இங்கே ஒரு கணம் நின்று சிந்திப்போம். திரும்பிய இருவரையும் இன்று நாம் அறிவுடையோர் என்கிறோம். தனியே சென்றவரைத் துணிச்சலால் கெட்டவர் என்கிறோம். அன்று பிற்பகல் பனி நின்று வெயில் எறித்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ஸ்ட்ரிக்லண்டு உச்சியைக் கண்டு நலமாகத் திரும்பி, அன்றிரவு விடுதியின் கணப்பருகே தம் அனுபவத்தைச் சொல்லியிருப்பார். கேட்டவர் கைதட்டியிருப்பர். திரும்பி வந்த இருவரும் ஒரு மூலையில் தலைகுனிந்து இருந்திருப்பர். முடிவு எடுத்த வேளையில் மூவர் முன்னும் இருந்தது ஒரே பனி, ஒரே காற்று, ஒரே வானம். பின்னால் வந்த மாற்றம் எதுவும் அவ்வேளையில் அவர்களுக்குத் தெரியாது. அங்ஙனமாக, பிற்பகலில் வானம் செய்ததை வைத்து முற்பகலில் மனிதன் செய்ததைப் புகழ்வதும் இகழ்வதும் எவ்வகை நீதி?

உலகத்தார் பெரும்பாலும் இந்த அநீதியையே செய்கின்றனர். வென்றவன் செய்தது சரி. தோற்றவன் செய்தது பிழை. அதனினும் கொடியது, வென்றவன் தானும் அவ்வாறே நம்பிவிடுவது. பனிக்கட்டியில் தகுந்த காலணியின்றி நடந்து ஒருமுறை உயிர் தப்பியவன், தன் காலின் திறத்தால் தப்பினேன் என்று எண்ணுகிறான். அடுத்த முறை இன்னும் சிறிது பிந்திப் புறப்படுகிறான். பிழைத்ததனால் அவன் கற்றுக்கொண்டது தவறான பாடம். அவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அவனை ஏமாற்றும் ஆசிரியனாகிவிடுகிறது. திரும்பியவனுக்கோ எந்தச் சான்றும் கிடைப்பதில்லை. போயிருந்தால் இறந்திருப்பேன் என்று அவனால் மெய்ப்பிக்க முடியாது. வராத விபத்துக்குச் சாட்சி ஏது? இறந்தவருக்கு நினைவுக் கல் நடுகிறார்கள். இன்ன இடத்திலிருந்து இன்னார் புத்தியுடன் திரும்பினார் என்று எந்த மலையிலும் கல் நட்டதில்லை. ஆதலால், தக்க வேளையில் திரும்புபவன் புகழையும் எதிர்பாராமல், தான் செய்தது சரியே என்னும் உறுதிப்பாட்டையும் பெறாமல், தன் அறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு செயற்படுகிறான். வீரம் என்பது பிறர் காணச் செய்வது மட்டுமன்று என்றால், இதனையும் வீரத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

சரி, திரும்ப வேண்டிய வேளையை அறிவது எங்ஙனம்? அந்தந்தச் சமயத்தில் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்பர் பலர். சமவெளியில் இது நல்ல விடையாகலாம். குளிர் மலையில் இது போதாது. காரணம், குளிர் முதலில் கை விரலைத் தாக்குகிறது. பின்பு அறிவைத் தாக்குகிறது. மனித உடலின் உட்சூடு 98.6 பாகை அளவில் இருக்க வேண்டும். அது 95 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்கின்றனர் மருத்துவர். முதலில் உடல் நடுங்கும், பொத்தானைப் போடக் கை வராது, பேச்சுக் குழறும், கால் தடுமாறும். அதனோடு கூடவே, நன்மை தீமையை நிறுத்துப் பார்க்கும் ஆற்றலும் மங்கிவிடும். மங்குவது அவனுக்கே தெரியாது. மிகவும் முற்றிய நிலையில், உயிர் போகும் குளிரிலே வெப்பமாக இருப்பதாக எண்ணி உடைகளைக் களைந்து எறிந்தவர்களும் உண்டு. நியாயம் வழங்க வேண்டிய நீதிபதியே மயங்கிக்கொண்டிருக்கையில், வழக்கை அவர் முன்னே கொண்டுபோவதால் என்ன பயன்?

எனவேதான் தேர்ந்த மலைநடையாளர் மலையடியிலேயே ஒரு முடிவு செய்துவிடுகின்றனர். வயிறு நிறைந்து, உடல் வெம்மையாய், மனம் தெளிவாய் இருக்கும் காலை வேளையில், இன்ன மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவேன் என்று நேரம் குறித்துக்கொள்கின்றனர். மணி ஒன்று என்று குறித்தால் ஒன்றுதான். உச்சி கண்ணெதிரே, கல்லெறியும் தூரத்தில் நின்றாலும் திரும்ப வேண்டும். உச்சி பாதி வழிதானே! மிச்சப் பாதி இன்னும் இருக்கிறது. அது களைத்த கால்களோடும், குறுகும் வெளிச்சத்தோடும், இறக்கத்தில் அதிகமாக வழுக்கும் பனிக்கட்டியோடும் கடக்க வேண்டிய பாதி. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்காக வகுத்த அம்முறை மலை ஏறுபவனுக்கும் அப்படியே பொருந்துகிறது. தன் உடலின் வலி எவ்வளவு, பகல் எவ்வளவு, மேலேயுள்ள இடத்தின் இயல்பு என்ன என்னும் மூன்றையும் கீழே நின்றே கணக்கிட வேண்டும். உச்சியில் இருக்கும் ஆய்வு நிலையத்தார் நாள்தோறும் மேல்மலையின் வானிலையை முன்னறிந்து வெளியிடுகின்றனர். மரங்கள் முடிந்து கல்வெளி தொடங்கும் இடங்களில் அரசாங்கத்தார் மஞ்சள் நிறப் பலகை நாட்டி, இதற்கு மேலே கோடையிலும் பலர் குளிரால் மாண்டிருக்கின்றனர், வானிலை கெட்டிருந்தால் இப்பொழுதே திரும்புங்கள் என்று எச்சரித்துள்ளனர். இவற்றைப் பாராமல் சென்று கெட்டபின் விதி என்று சொல்வது, தன் கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்பதாகும்.

இங்கே சீர்திருத்தக் கருத்துடைய அன்பர் ஒருவர் எழுந்து ஒரு தடை சொல்லக்கூடும்: “முன்னே வகுத்த விதிக்குக் கண்ணை மூடிக் கட்டுப்படுதல் அடிமைத்தனம் என்று சொல்லி வந்தோமே! காலையில் செய்த விதிக்கு நண்பகலில் ஏன் கட்டுப்பட வேண்டும்? கண்ணெதிரே இருப்பதை ஆராய்ந்து முடிவு செய்வதன்றோ பகுத்தறிவு?” என்பார். இது மதிக்கத்தக்க தடை. ஆயினும், இருவகை விதிகளை வேறுபடுத்திக் காண்போம். ஏன் செய்கிறோம் என்று அறியாமலே தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுவது ஒருவகை. காரணத்தை நன்கு அறிந்து, தன் அறிவு எந்த வேளையில் தளரும் என்பதையும் முன்னுணர்ந்து, தனக்குத் தானே இட்டுக்கொள்வது மற்றொரு வகை. முன்னது அறிவைக் கட்டும் கயிறு. பின்னது, அறிவு தான் விழாமல் இருக்கத் தானே பிடித்துக்கொள்ளும் கயிறு. தன் எல்லையை அறியாத பகுத்தறிவு பாதிப் பகுத்தறிவே.

அவ்விதியிலும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. குறித்த வேளைக்கு முன்னரே திரும்ப எவருக்கும் எப்பொழுதும் உரிமை உண்டு. குறித்த வேளையைத் தள்ளிப்போட எவருக்கும் உரிமை இல்லை. மேலே நிற்பவன் காலைத் தீர்மானத்தை அச்சத்தின் பக்கம் மாற்றலாம். ஆசையின் பக்கம் மாற்றலாகாது. அச்சத்தால் தவறினால் இழப்பது ஒரு நாள். ஆசையால் தவறினால் இழப்பது எல்லா நாளையும்.

இவ்விடத்தில் நம் கருத்துக்கு மாறாகத் தோன்றும் ஒரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1855-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், லிஸ்ஸி போர்ன் என்னும் 23 வயதுப் பெண், தம் சிற்றப்பாருடனும் அவர் மகளுடனும் அதே மலையில் ஏறினார். பிற்பகலில்தான் புறப்பட்டனர். மேலே செல்லச் செல்லக் காற்றும் மேகமும் இருளும் சூழ்ந்தன. வழி தெரியாமல் நின்றனர். சிற்றப்பார் கற்களை அடுக்கிக் காற்றைத் தடுக்க முயன்றார். அன்றிரவே லிஸ்ஸி உயிர் நீத்தார். பொழுது புலர்ந்தபின் பார்த்தால், அவர்கள் தேடிய விடுதி சிறிது தூரத்திலேயே நின்றது! இன்னும் சில நூறு கசம் நடந்திருந்தால் பிழைத்திருப்பார். அவ்விடத்தில், ரெயில் பாதையருகே, அவருடைய நினைவுக்குறி இன்றும் இருக்கிறது.

அப்படியாயின், முன்னேறிச் செல்லாததன்றோ பிழை, திரும்பு என்னும் உபதேசம் அங்கே பொய்த்துவிட்டதன்றோ என்று கேட்கலாம். ஊன்றிப் பார்ப்போம். இருளிலும் புயலிலும் நின்ற அவர்களுக்கு, மேலே போவதா, நிற்பதா, இறங்குவதா என்பதில் எது சரியென்று அறிய வழியே இல்லை. அவர்கள் எதைத் தேர்ந்திருந்தாலும் அது இருட்டில் எறிந்த கல்லே. அவர்கள் உண்மையாகவே தேர்ந்தெடுக்கக்கூடிய நிலையில் இருந்த வேளை பிற்பகலில் மலையடியில் நின்ற வேளை. அப்பொழுது வெளிச்சம் இருந்தது, மனம் தெளிந்திருந்தது, மறுநாள் காலை வரை காத்திருக்கலாம் என்னும் வழியும் திறந்திருந்தது. கடைசி அடியை ஆராய்ந்து என்ன பயன்? அந்த இளம்பெண்ணைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாமும் அந்த மகிழ்ச்சியான பிற்பகலில் புறப்பட்டே இருப்போம். நம் வாழ்க்கையின் தவறுகளும் இத்தகையனவே. கதவுகள் எல்லாம் அடைபட்டபின் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று வருந்துகிறோம். அவை திறந்திருந்த நேரத்தை மறந்துவிடுகிறோம்.

பலர் கூடிச் செல்லும்பொழுது இக்கடமை எளிதாகிறது என்று எண்ண வேண்டா. பல வேளைகளில் கடினமாகிறது. ஒவ்வொருவர் மனத்திலும் திரும்பலாம் என்னும் எண்ணம் இருக்கும். முதலிற் சொல்பவன் தான் ஆகக் கூடாது என்று ஒவ்வொருவரும் வாய்மூடி நடப்பர். மௌனத்தையே சம்மதமாக எண்ணிக் கூட்டம் முன்னேறும். ஜப்பானில் ஏறக்குறைய 9,900 அடி உயரமுள்ள தாத்தேயாமா மலையில், 1989-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், நடுவயதும் முதுமையும் எய்திய பத்துப் பேர் ஒரு குழுவாக நடந்தனர். பருவத்துக்கு முந்திய பனிப்புயல் அவர்களைச் சூழ்ந்தது. எண்மர் குளிரால் இறந்தனர். கூட்டம் பெரிது என்பது குளிருக்கு ஒரு பொருட்டன்று. ஆகலின், கூட்டத்தில் மிகவும் மெலிந்தவர் எவரோ அவருடைய வலியையே கூட்டத்தின் வலியாகக் கொள்ளுதலும், “திரும்புவோம்” என்று முதலில் சொல்பவரை எள்ளாமல் நன்றியுடன் நோக்குதலும் வேண்டும். மலையிலே ஒருவர் செய்யக்கூடிய பேருதவி சில வேளைகளில் அந்த ஒரு சொல்தான்.

இனி, எல்லாவற்றினும் வலிய வாதம் ஒன்று எஞ்சி நிற்கிறது. “என் உயிர் என்னுடையது. அதனை நான் எப்படிச் செலவிட்டால் பிறருக்கென்ன?” என்பதே அது. தனிமனித உரிமையை மதிக்கும் நாம் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மலையில் நடந்ததைக் கேட்டபின் இதன் உறுதி எவ்வளவு என்று பார்ப்போம்.

1982-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், ஹியூ ஹெர் என்னும் பதினேழு வயது இளைஞரும் அவர் தோழரும் வாஷிங்டன் மலையின் உறைபனிப் பள்ளம் ஒன்றின் வழியே ஏறினர். பாறையேற்றத்தில் அவ்விளைஞர் அப்பொழுதே பெயர் பெற்றவர். பள்ளத்தை ஏறி முடித்தபின் உச்சியை நோக்கிச் சிறிது நடந்து பார்க்கலாம் என்று சென்றனர். பனிப்புயலில் திசை தவறி, மலையின் மறுபக்கத்துப் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டனர். நான்காம் நாள்தான் கண்டெடுக்கப்பட்டனர். இருவரும் பிழைத்தனர். ஹெர் தம் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஆனால் அவர்களைத் தேடிச் சென்ற தொண்டர்களில் ஒருவரான ஆல்பர்ட் டௌ, 28 வயதினர், ஜனவரி 25-ஆம் நாள் பனிச்சரிவில் சிக்கி இறந்தார். தேடப்பட்டவர்களை அவர் முன்பின் அறியார். கூலிக்காகவும் போகவில்லை. மலையில் இருவர் காணாமற் போயினர் என்று கேட்டார், போனார்.

“என் உயிர் என்னுடையது” என்பவர் ஆல்பர்ட் டௌவின் உயிர் யாருடையது என்று சொல்ல வேண்டும். எவரும் தேட வரவேண்டா என்று எழுதி வைத்துவிட்டுப் போவேன் என்றால், அதுவும் பயன்படாது. மனிதர்கள் வருவார்கள். ஒருவன் பனியில் கிடக்கிறான் என்று கேட்டும் தம் வீட்டுக் கணப்பருகே உட்கார்ந்திருக்க இயலாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் இருப்பதனால்தான் உலகம் உலகமாக இருக்கிறது. ஆகவே, மலையேறுபவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. தனக்கு முகமறியாத நல்லவர்களின் உயிரையும், அவர்களைக் கேளாமலே, சேர்த்துப் பணயம் வைக்கிறான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம், அலட்சியத்தால் ஆபத்தில் சிக்கியவரிடமிருந்து மீட்புச் செலவைப் பெற இடந்தருகிறது. 2015 முதல் 25 டாலர் கட்டணத்தில் ஓர் அட்டையும் விற்கப்படுகிறது. அதனை வாங்கியவர் அலட்சியத்தால் விளைந்த செலவிலிருந்து விலக்குப் பெறலாம். பொருளுக்கு இவ்வாறு கணக்குத் தீர்க்கலாம். ஆல்பர்ட் டௌவுக்கு எந்த அட்டை ஈடாகும்?

இதன் பின்னுரையையும் சொல்லாமல் விடலாகாது. கால் இழந்த இளைஞர் முடங்கிவிடவில்லை. தமக்கென்று செயற்கைக் கால்களைத் தாமே திருத்தி அமைத்து மீண்டும் பாறை ஏறினார். பின்னர் கல்வியில் ஆழ்ந்து, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகி, கால் இழந்தோர் இயல்பாக நடக்கத்தக்க கருவிகளை ஆக்குவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். பதினேழு வயதில் செய்த ஒரு தவற்றுக்காக ஒருவரை என்றென்றும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் அறமாகாது. அவர் செய்த நற்பணியால் இறந்தவர் மீண்டு வரப்போவதுமில்லை. பிறர் உயிரால் பிழைத்தவனுக்கு எஞ்சிய வாழ்நாள் அவனுடைய தனிச்சொத்தன்று; அதில் ஒரு பங்கு உலகத்திற்கு உரியது. அப்பங்கைச் செலுத்துதல்தான் அவனால் இயன்ற கைம்மாறு.

இங்ஙனம் கூறுவதால் யாம் அச்சத்தைப் போதிப்பதாக எவரும் கொள்ளற்க. அஞ்சி வீட்டில் கிடப்பவன் திரும்புவதில்லை. அவன் புறப்பட்டதே இல்லை. புறப்பட்டவனுக்கே திரும்பும் துணிவு வேண்டும். கம்பளி உடையும், காலணியில் மாட்டும் இரும்பு முள்ளும், இருட்டுக்கு விளக்கும், ஒரு வேளைக்கு மிகுதியான உணவும் எடுத்துக்கொண்டு, போகும் வழியை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, விடியற்காலையில் புறப்பட்டு, குறித்த மணியில் திரும்புபவன் மலையை நன்றாகவே அனுபவிக்கிறான். உச்சியை அடையாத நாளிலும் அவன் வெண்பனி இறகுகளைக் கண்டான். காற்றின் ஓசையைக் கேட்டான். தன் எல்லையைத் தொட்டு அறிந்தான். மலை நாளையும் அங்கேயே இருக்கும்.

மலையே ஏறாத நமக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீராயின், நம் அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். பத்து வெள்ளிக்கு மேல் ஆடுவதில்லை என்று சீட்டு மேசையில் அமர்ந்தவன், நள்ளிரவில் வீட்டுச் செலவுப் பணத்தையும் வைத்து ஆடுகிறான்; இழந்ததை மீட்க இன்னும் ஓர் ஆட்டம் என்கிறான். ஒரு முழ நிலத்திற்காக உடன்பிறந்தார் மீது வழக்குத் தொடுத்தவன், நிலத்தின் விலையைப் போல் பல மடங்கு செலவழித்தபின்னும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மேலும் கடன் வாங்குகிறான். இருவருக்கும் உச்சி கண்ணெதிரே தெரிகிறது. இறங்க வேண்டிய வழி தெரியவில்லை. இருவர் பின்னாலும், அவர்களைத் தேடி இருளிலே வரவேண்டிய மனைவி மக்கள் இருக்கின்றனர்.

ஆதலின், எச்செயலையும் தொடங்குமுன், தெளிந்த மனத்தோடு இருக்கும்பொழுதே, எங்கே நிற்பேன், எப்பொழுது திரும்புவேன் என்று குறித்துக்கொள்வோம். குறித்ததை, நம்மை நேசிக்கும் ஒருவரிடம் சொல்லியும் வைப்போம். அவ்வேளை வரும்பொழுது உச்சி மிக அருகில் இருப்பதாகவே தோன்றும். அப்பொழுது திரும்புவோம். நம் வீட்டில் விளக்கேற்றி வைத்து வழிபார்த்திருப்பவருக்கும், நம்மைத் தேடி வரக்கூடிய முகமறியாத மனிதருக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன் அது.